நான்கு லிட்டர் பீரங்கி

வான்மதி நகர் பூங்காவில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருந்த பீரங்கி வண்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு மண்டியிட்டது. லாரி டயர் வெடித்த மாதிரி இரண்டு சத்தம், கொஞ்சம் தூசி. நடைப்பயிற்சிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் சாவித்ரி மட்டும், எண்ணிக்கை விட்டுப்போகும் என்பதால், தன் நான்காவது சுற்றை முடித்துவிட்டு வந்து பார்த்தார். வண்டியின் இடதுபக்க முன்புறம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்த்திருந்த அதன் நீண்ட குழல், தாழ்ந்து, தெருவுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தின் முதல் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னல், வட்டாரப் பூங்கா மற்றும் பொதுவசதிகள் பராமரிப்பு வாரியத்தின் செயலாளர் ஸ்ரீரங்கனுடையது.

சேலையூருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பூங்காவைப் பற்றி வாரியத்திடம் அதற்கு முன்பும் புகார்கள் போயிருக்கின்றன. ஊஞ்சல் அறுந்தது பற்றிய மனு மூன்று வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. கழிப்பறைக் கதவு பற்றிய மனு, அந்தக் கதவைப் போலவே, போன இடம் தெரியவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஸ்ரீரங்கன், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் அது இருக்கிறது என்பது தெரிந்தே இருந்ததால் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார். பதினோரு மணிக்குக் கோப்பு திறக்கப்பட்டு, அதன்மேல் ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதப்பட்டது.

பூங்கா பூட்டப்பட்டது. முப்பது நாட்களுக்குள் வண்டி நிமிர்த்தப்படும் என்றும், தவறினால் அது கேஸ் வைத்து வெட்டி அகற்றப்பட்டு, அந்த இடம் வாரிய வாகனங்கள் நிறுத்துமிடமாக மாற்றப்படும் என்றும் வாசலில் அறிவிப்பு தொங்கியது. வாரியத்துக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு ஜீப். சாவித்ரி அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, முப்பது நாளையும் தன் வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

வாரியத்தின் கண்காணிப்பாளர் லோகநாதன் ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். முடிச்சூர் சாலையில் ‘செயின் வண்டி அடிப்பாகம் வேலை’ என்று ஒரு போர்டைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. தேடிப் போனார். பட்டறையின் உரிமையாளர் அமலராணி, நாற்பத்தேழு வயது, ஒரு பொக்லைனுக்கு அடியில் படுத்திருந்தார். பல்லாவரம் பக்கம் கல்குவாரிகள் ஓடிய காலத்தில் இயந்திரங்களுக்கு கிரீஸ் வைக்கும் வேலையில் சேர்ந்து, பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர். செயினில் ஓடும் எந்த வண்டியின் அடிப்பாகக் கோளாறையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். பூங்காவில் ஒரு டேங்க் சாய்ந்துவிட்டது என்றார் லோகநாதன்.

“தண்ணி டேங்க் வேலையெல்லாம் நான் செய்றதில்ல சார்,” என்றார், படுத்தபடியே.

லோகநாதன் சிரித்து, இது யுத்தத்துக்குப் போன டேங்க் என்று விளக்கினார். அமலராணி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு தேவை இருந்தது. பாலம் கட்டும் கம்பெனி ஒன்றிடம் பெரிய பெரிய செயின் கிரேன்கள் இருந்தன. அவற்றின் பராமரிப்பு வேலையை அவர் இரண்டு முறை கேட்டிருந்தார். இரண்டு முறையும், அரசுத் துறை வேலை ஒன்றாவது முடித்ததற்கான பணி நிறைவுச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த வேலையை முடித்தால் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டார். முத்திரையோடு கிடைக்கும் என்றார் லோகநாதன்.

அடுத்த நாள் அமலராணி ஸ்கூட்டியில் வந்து, ஒரு சின்னச் சுத்தியலோடு பீரங்கியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பக்கமும் ஐந்து பெரிய சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் ஓர் இரும்புக் கை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கையும், வண்டியின் தரைக்கு அடியில் குறுக்காக ஓடும் ஆள் உயர எஃகுக் கம்பி ஒன்றோடு இணைந்திருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கு விடும். இந்த வண்டிக்கு ஸ்ப்ரிங் என்பது அதுதான். இடதுபக்கம் முதல் இரண்டு சக்கரங்களின் கம்பிகளும் உடைந்திருந்தன. மற்றதெல்லாம் துரு, ஆனால் உயிர் இருந்தது. இருபது நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

அதற்கு முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இளநிலைப் பொறியாளர் ஷ்யாம்சுந்தர் கொண்டுவந்த படிவத்தின் தலைப்பு, ‘குடிநீர்த் தொட்டி பழுது நீக்கம்’.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்பு ராணுவம் வண்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது, வாரியத்தின் சொத்துப் பதிவேட்டில் யாரோ ஆங்கிலத்தில் ‘டேங்க் – ஒன்று’ என்று எழுதியிருந்தார்கள். டேங்க் என்றால் குடிநீர்ப் பிரிவு. குடிநீர்ப் பிரிவு அன்றிலிருந்து அதைத் தன்னுடைய பதினேழாவது தொட்டியாகப் பராமரித்து வருகிறது.

“கொள்ளளவு?” என்று கேட்டார் ஷ்யாம்சுந்தர்.

“நாலு பேர் உக்காரலாம் சார்.”

அவர் நான்கு என்று எழுதினார். பக்கத்தில் ‘லிட்டர்’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிடுங்கள் என்றார் அமலராணி. பேனாவால் எழுதியதை அடிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, அச்சடித்ததை அடிக்க இல்லை என்று ஷ்யாம்சுந்தர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

அமலராணி மாடியேறி ஸ்ரீரங்கனைப் பார்த்தார். செயலாளர் சுவரோரத்திலிருந்தே அவரை உட்காரச் சொன்னார். அது பீரங்கி என்று அமலராணி சொன்னதை மறுக்கவில்லை; தினமும் அதைப் பார்க்கிறவர் அவர்.

“உங்க கண்ணுக்கு அது பீரங்கி. என் கண்ணுக்கும் பீரங்கிதான், ஒத்துக்கறேன்,” என்றார். “ஆனா மேடம், ஒரு பொருள் என்னன்னு அந்தப் பொருள் சொல்லக் கூடாது. பதிவேடு சொல்லணும். நாளைக்கு அந்த வேப்பமரம் வந்து நான் மரம்னு சொன்னா, நான் உடனே நம்பிட முடியுமா?”

அமலராணி திரை இடுக்கு வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். அது பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, சான்றிதழை நினைத்து அடக்கிக்கொண்டார்.

தொட்டியில் பழுது பார்ப்பதற்கு முன் அது காலி செய்யப்பட்டதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி தரவேண்டியவர், தொட்டி சுத்தம் செய்யும் ஊழியர் பக்தவச்சலம். மறுநாள் காலை அவர் ஒரு வாளியோடு வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, காக்கிச் சட்டை பொத்தான் வரை ஒழுங்கு. வண்டியின் இடதுபக்கம் முன்னால், ஓட்டுநர் இறங்கும் மூடியைப் பழகிய கையால் திறந்தார். வாளியில் பிளீச்சிங் பவுடர் இருந்தது.

“இது இன்னாத்துக்குண்ணா?” என்று கேட்டார் அமலராணி.

மாசம் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் போட வேண்டும் என்பது உத்தரவு என்றார் பக்தவச்சலம். பதினோரு வருஷத்தில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை. அம்மை போட்டிருந்தபோதுகூட மச்சானை அனுப்பிப் போடவைத்திருக்கிறார். வண்டி வந்த புதிதில், இந்தத் தொட்டியில் தண்ணீரே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தார். தண்ணீர் இல்லாவிட்டாலும் தொட்டி தொட்டியே என்று பதில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், காட்டினார்.

அமலராணி டார்ச்சோடு உள்ளே இறங்கினார். தரையில் வெள்ளை வெள்ளையாகப் பாறைபோல் படிந்திருந்தது. சுரண்டினால் அடியில் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உடைந்த இரண்டு கம்பிகளும் சரியாக அந்த மூடிக்குக் கீழேதான் ஓடின. எதிரியின் குண்டு தொடாத வண்டியை ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் தின்றிருந்தன.

அவர் வெளியே வந்தபோது பக்தவச்சலம் அவருடைய முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“நான்தான் கெடுத்துட்டேனா, தங்கச்சி?”

அமலராணி கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். அந்த வாளி, பொத்தான் போட்ட சட்டை, பையில் மடித்த கடிதம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். “உன்கிட்ட சொன்ன வேலைய நீ செஞ்ச. அவ்ளோதான்ணா. வா, வந்து சுரண்டிக் குடு,” என்றார். அன்றிலிருந்து பக்தவச்சலம் தினமும் தன் மற்றப் பதினாறு தொட்டிகளையும் முடித்துவிட்டு வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து வெள்ளையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

தொட்டி பழுது பார்க்கப்படும்போது பொதுமக்களுக்கு முன்னறிவிப்புச் செய்யவேண்டும் என்பது இன்னொரு விதி. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கேம்ப் ரோடிலிருந்து மாடம்பாக்கம் வரை போய், பதினேழாம் எண் தொட்டியில் வேலை நடப்பதால் இருபது நாட்களுக்குத் தண்ணீர் வராது என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரத்தில் தெருவெங்கும் குடங்கள் வரிசையாக நின்றன. அடுக்குமாடிக்காரர்கள் லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்தார்கள். மறுநாளே புகார்கள் வரத் தொடங்கின. பதினேழாம் எண் தொட்டி நின்றதிலிருந்து குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஒருவர் எழுதினார். அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் பருப்பு நன்றாக வேகும் என்று ஒரு குடும்பம் கையெழுத்திட்டு அனுப்பியது. பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தராத தொட்டிக்காக மொத்தம் நாற்பத்தொரு புகார்கள் வந்தன.

ஸ்ரீரங்கன் அவற்றை வரிசைப்படுத்தித் தைத்து வைத்தார். பயனில்லாத ஒன்றைப் பற்றி நாற்பத்தொரு பேர் புகார் செய்வார்களா என்று அவர் லோகநாதனிடம் கேட்டார். லோகநாதனுக்குப் பதில் தெரிந்திருந்தது; ஆனால் ஐந்து மணி ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

கீழே வேலை நடந்தது. அமலராணியும் அவருடைய வெல்டர் ரவியும் ரயில்வே கட்டைகளை அடுக்கி, நான்கு பெரிய ஜாக்கிகளை வைத்து, வண்டியை விரல்கடை விரல்கடையாகத் தூக்கினார்கள். செயின் கண்ணிகளைக் கோத்த பின்கள் துருவேறி இறுகியிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். உடைந்த கம்பியின் ஒரு துண்டு வர மறுத்தது. மூன்று நாள் அது வரவில்லை. நான்காம் நாள் அமலராணி எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நீளக் குழாயை விட்டு, காதை வைத்துக் கேட்டு, ஒரே இடத்தில் ஏழெட்டு அடி அடித்தார். துண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து புல்லில் விழுந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நடைப்பயிற்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பூங்கா பூட்டியிருந்ததால் அவர்கள் பூங்காவைச் சுற்றி வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். சாவித்ரிக்கு இதில் ஒரு சுற்றுக்கு நூற்றிருபது மீட்டர் கூடுதல்.

புதிய கம்பிகள் அம்பத்தூரில் லேத்தில் கடைந்து, சூடேற்றிப் பதப்படுத்தி வந்தன. சக்கரங்களுக்குப் புது பேரிங், இரும்புக் கைகளின் மூட்டுகளுக்குப் புது புஷ், எல்லா இடத்திலும் கிரீஸ். அமலராணி வந்த பதினெட்டாம் நாள் சாயங்காலம் ஜாக்கிகளை இறக்கினார்கள். வண்டி மெல்ல அமர்ந்து, ஒருமுறை மேலும் கீழும் அசைந்து, நேராக நின்றது. அமலராணி அதன் மூக்கில் ஏறிக் குதித்துப் பார்த்தார். சக்கரங்கள் அமிழ்ந்து எழுந்தன. ரவி, “உசுரு வந்துச்சுக்கா,” என்றார். குழல் மறுபடியும் வானத்தைப் பார்த்தது. மாடியில் திரை விலகியது.

மறுநாள் காலை ஷ்யாம்சுந்தர் கோப்போடு வந்தார். சான்றிதழ் தயாராகிவிட்டது, ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி என்றார். பழுதுக்கு முந்தைய நிலையைக் காட்டும் புகைப்படம் கோப்பில் இல்லை. எடுக்க மறந்துவிட்டார்கள்.

அமலராணி மீண்டும் மாடியேறினார். ஸ்ரீரங்கன் இப்போது ஜன்னலோரத்தில், பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பழுது இருந்ததுக்கு ஆதாரம் இல்லாம பழுது நீக்கினா, அது பழுது நீக்கம் ஆகாது மேடம், அத்துமீறல்,” என்றார். “வாரியம் உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். எனக்கு அதுல விருப்பமில்லை. நீங்க நல்லா வேலை செய்யறவங்க. அதனால ஒரு அரை நாள், அதைப் பழையபடி ஆக்கிடுங்க. போட்டோ எடுத்துக்கறோம்.”

“நிமித்துனத திரும்பியும் சாய்க்கணுமா சார்?”

“சாய்ந்திருந்த கோணத்துலயே இருந்தா நல்லது. அது என் ஜன்னலுக்கு நேரா இருந்தது. நான் அப்போ கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறேன்.”

அமலராணி கீழே வந்து ஸ்பேனர்களை மூட்டை கட்டத் தொடங்கினார். சான்றிதழும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ரவியிடம் சொன்னார். அப்போதுதான் வேலிக்கு வெளியிலிருந்து சாவித்ரி அழைத்தார். அறிவிப்பு தொங்கி இன்று இருபதாம் நாள், கோப்பு முடியாவிட்டால் பத்து நாளில் கேஸ் கட்டர் வந்துவிடும், அவர்கள் சொன்ன தேதியில் செய்யும் ஒரே காரியம் இடிப்பதுதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “சரியா வந்த கணக்கை, வழியைக் காட்டலைன்னு திரும்பப் போடச் சொல்லி நானே முப்பது வருஷம் குழந்தைகளைப் படுத்தியிருக்கேம்மா. எல்லாரும் போட்டுக் குடுத்தாங்க,” என்றார்.

அமலராணி சிரித்துவிட்டார். மூட்டையை அவிழ்த்தார். பதினெட்டு நாள் எடுத்த வேலையைப் பிரிக்க ஒரு மணி நேரம்தான் ஆனது. அவரே கிரீஸ் வைத்திருந்ததால் கம்பிகள் வெண்ணெய்போல் வெளியே வந்தன. வண்டி மண்டியிட்டது. புகைப்படக்காரர் வந்து, பழுது போதுமான அளவு தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் சோகமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். ரவி ஒரு ஜாக்கியை இன்னும் நாலு விரல்கடை இறக்கினார். படம் எடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டி திரும்ப நிமிர்ந்தது.

திறப்பு விழாவுக்கு வாரியத் தலைவர் வருவதாக முடிவானது. குடிநீர்த் தொட்டியின் திறப்பு விழா என்றால் தலைவர் குழாயைத் திருகவேண்டும். பீரங்கியில் குழாய் இல்லை. விழாவுக்கு முந்தின நாள் ஷ்யாம்சுந்தர் பளபளப்பான பித்தளைக் குழாய் ஒன்றோடு வந்து, எங்கே பொருத்தலாம் என்று கேட்டார். அமலராணி இப்போதெல்லாம் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. வண்டியின் பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு துளையைக் காட்டினார். உள்ளே பக்தவச்சலம் ஒரு கேனை வைத்து, ரப்பர் குழாயால் இணைத்து, நல்ல தண்ணீர் ஊற்றினார். படிவத்தின்படி, சரியாக நான்கு லிட்டர்.

தலைவர் மாலையோடு வந்து, எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பேசினார். இந்தத் தொட்டி எல்லையிலே எதிரிகளைக் கதிகலங்க வைத்த தொட்டி என்றார். இவ்வளவு பெரிய இரும்பு உடம்பில் நான்கே லிட்டர் நீரைக் காப்பது, சிக்கனத்துக்கு வாரியம் காட்டும் வழி என்றார். அந்த இடத்தில் காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஆனால் கைதட்டல் வந்ததால் தொடர்ந்தார்.

“என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும். நான் எதையும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறவன் இல்ல. எனக்குக் கீழ இருக்கறவர் கையெழுத்து இருக்கான்னு பார்ப்பேன். அவர் அவருக்குக் கீழ இருக்கறவர் கையெழுத்தப் பார்ப்பார். இப்படி ஒவ்வொருத்தரும் பார்த்துப் பார்த்துச் செய்யறதாலதான் இந்த வாரியத்துல இதுவரைக்கும் யாரும் எதையும் நேர்ல போய்ப் பார்க்க வேண்டிய நிலைமை வரலை.”

குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு இனிப்பாக இருக்கிறது என்றார். பக்தவச்சலம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்; பதினேழாம் எண் தொட்டியில் அவர் தண்ணீரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பூங்கா திறந்தது. பிள்ளைகள் ஓடிவந்து பீரங்கியின்மேல் ஏறினார்கள். அது அவர்களை ஏற்றிக்கொண்டு லேசாக அசைந்து கொடுத்தது.

சான்றிதழை அமலராணி வாசலிலேயே நின்று படித்தார். ‘மேற்படியார், நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள குடிநீர்த் தொட்டி ஒன்றின் ஸ்ப்ரிங், சக்கரம், செயின் ஆகியவற்றைத் திருப்திகரமாகப் பழுது நீக்கியுள்ளார். கசிவு இல்லை.’

அவர் லோகநாதனைத் தேடிப் போனார். இதை எடுத்துக்கொண்டு கிரேன் கம்பெனி வாசலில் எப்படி நிற்பது என்று கேட்டார். லோகநாதன் கதவைப் பார்த்தார். தொட்டி என்ற சொல்லை மாற்றினால் பதினோரு வருஷத்து பிளீச்சிங் பவுடருக்கும் நாற்பத்தொரு புகாருக்கும், இப்போது தலைவர் குடித்த தண்ணீருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும், அது நடக்காது என்று மெதுவாக விளக்கினார். பிறகு பேனாவை எடுத்தார். தன் முப்பத்திரண்டு வருஷ வேலையில், யாரும் எழுதச் சொல்லாமல் அவர் எழுதிய முதல் வாக்கியத்தைச் சான்றிதழின் அடியில் எழுதினார்: ‘நேரில் வந்து பார்க்கவும்.’ அதற்குக் கீழே பெரிய முத்திரையைக் குத்தினார்.

கம்பெனியின் இயந்திரப் பிரிவு மேலாளர் உமேஷ் சான்றிதழை இரண்டு முறை படித்தார். செயின் வைத்த குடிநீர்த் தொட்டியை அவர் கேள்விப்பட்டதில்லை. கசிவு இல்லை என்ற இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் அடியில் இருந்த வரியைப் படித்ததும் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

பூங்காவில் அவர் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு புல்லில் படுத்து அடியில் நுழைந்தார். கால்மணி நேரம் வெளியே வரவில்லை. யாரோ புதிய அதிகாரி என்று நினைத்து நடைப்பயிற்சிக்காரர்கள் அவருடைய ஷூக்களிடம் கழிப்பறைக் கதவைப் பற்றி முறையிட்டார்கள். சாவித்ரி ஊஞ்சல் மனுவின் நகலையே கொண்டுவந்துவிட்டார். அமலராணி ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சத்தம் சரியாக இருந்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை.

உமேஷ் முதுகெல்லாம் புல்லும் தோளில் கிரீஸுமாக வெளியே வந்தார். பித்தளைக் குழாயைப் பார்த்தார். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“திங்கக்கிழமை வரமுடியுமா? ரெண்டு கிரேன் அடிப்பாகம் போய் நிக்குது,” என்றார்.

அமலராணி கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

“அது ரெண்டும் உங்க ரிஜிஸ்டர்ல இன்னான்னு எழுதிக்கீது சார்?”

“கிரேன்னுதான்.”

“அப்ப வர்றேன்,” என்றார்.